செருப்பு போட்டுக்கொண்டு பிரிட்ஜைத் திறக்கும் வீடுகள்: பழைய வயரிங்கில் எதை முதலில் சரிசெய்வது?

பழைய வீடு ஒன்றுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் தேடுவது மீட்டரை இல்லை, செருப்பை. வாஷிங் மெஷின் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். கிரைண்டர் பக்கத்தில் கால் வைத்து நிற்க ஒரு மரப்பலகை இருக்கும். கேட்டால், "ஈரக்காலோட தொடாதீங்க, லேசா அடிக்கும்" என்பார்கள். பாட்டி அம்மாவுக்குச் சொன்னது, அம்மா மருமகளுக்குச் சொன்னது. அந்த வீட்டில் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி, வேலை செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த "லேசா" என்ற சொல்லை நம்பக்கூடாது. லேசாக இருப்பது மின்சாரம் இல்லை, செருப்பும் காய்ந்த தரையும் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன. உடம்பு வழியாக 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே கைத்தசை இறுகிப் பிடித்ததை விடமுடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிச் சில நொடிகள் நீடித்தால் மூச்சும் இதயமும் ஆபத்தில். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பே ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. ஆளைக் கொல்ல அந்தக் குட்டி பல்பு எரியும் அளவு போதும்.

தாத்தா கட்டிய வீட்டைச் சீர்செய்து குடியேறுபவர்களுக்கும், தமிழ்நாட்டின் ஊர்களில் ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ் வீடு, 1970களின் காலனி வீடு என்று வாடகைக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் எலக்ட்ரீஷியன் ஆக வேண்டியதில்லை. எதைப் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது, எந்த வேலையை எதற்கு முன்னால் செய்வது என்பது தெரிந்தால் போதும். செலவில் பாதி இந்த வரிசை தவறுவதால்தான் வீணாகிறது.

முதல் நாள்: கண்ணால் மட்டும்

ஒரு டார்ச், ஒரு நோட்டு, போன் கேமரா. ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். பழைய ரப்பர் வயரில் மேலுறை அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். சும்மா இருக்கிறவரை இருக்கும். சுவிட்சைக் கழற்றி வயரை ஒருமுறை வளைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். ஒரு சுவிட்ச் மாற்றப் போய் ஒரு போர்டே போன கதைகள் எலக்ட்ரீஷியன்களிடம் நிறைய உண்டு.

மீட்டர் போர்டில் தொடங்குங்கள். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருக்கின்றனவா? ஒரே அளவில் இரண்டு, பக்கம் பக்கமாக இருந்தால் கவனம் தேவை. அந்தக் காலத்தில் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) இரண்டுக்கும் ஃபியூஸ் போடுவது வழக்கம். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணையும், ஃபேன் நிற்கும், "கரண்ட் இல்லை" என்று நினைத்து ஆள் கை வைப்பார். ஆனால் ஒவ்வொரு பாயின்டிலும் ஃபேஸ் உயிரோடு காத்திருக்கும். இரட்டைக் கட்டை கண்ணில் பட்டால் நோட்டில் பெரிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபியூஸில் என்ன கம்பி கட்டியிருக்கிறது என்பதை வேலைக்கு வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். "அடிக்கடி போகுது, ரெண்டு இழை சேர்த்துக் கட்டுப்பா" என்று யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு அது ஃபியூஸ் இல்லை, வெறும் கம்பி.

புதிய ஸ்டாட்டிக் (எலக்ட்ரானிக்) மீட்டராக இருந்தால் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்குகளைப் பாருங்கள். பல மீட்டர்களில் 'எர்த்' அல்லது 'ஈ.எல்.' என்று ஒரு விளக்கு இருக்கும். ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் பொருந்தவில்லை என்றால் அது எரியும். எங்கோ மண்ணுக்குக் கசிகிறது, அல்லது யாரோ நியூட்ரலில் விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காசு கொடுக்காமல் கிடைக்கும் சோதனை இது.

அடுத்து சுவரில் ஓடும் வயர். அதுவே வீட்டின் வயதைச் சொல்லிவிடும். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும் மேட்டூர் 1937-லும் ஓடத் தொடங்கிய பிறகுதான் தமிழகத்தின் உள்ளூர்களுக்கு மின்சாரம் பரவலாகப் போனது. அந்தத் தலைமுறை வீடுகளில் மரக் கேஸிங் பார்க்கலாம். இரண்டு பள்ளம் வெட்டிய மரச்சட்டமும் மேலே மூடிய மரப்பட்டையும். அதன் பிறகு வந்தது ரீப்பர் வயரிங்: தேக்குச் சட்டத்தின் மேல் வயரை வைத்துத் தகரக் கிளிப்பால் மடித்திருப்பார்கள். கறுப்பு பேக்லைட் சுவிட்சும் உருண்டை மரக்கட்டையும் இதன் கூட்டாளிகள். சுவருக்குள் குழாய் பதித்த வயரிங் வீடுகளுக்குப் பரவலானது பெரும்பாலும் 1980களுக்குப் பிறகு. முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும், வயரைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

இடையில் ஒரு காலத்தில் அலுமினிய வயரும் வீடுகளுக்குள் வந்தது. வெட்டுமுனை வெள்ளையாக, மென்மையாக இருக்கும். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக நாளாக நசுங்கித் தளரும், மேலே ஆக்சைடு படியும், இணைப்பு சூடாகும். செம்போடு நேராக முறுக்கி இணைத்திருந்தால் ஈரம் பட்ட இடத்தில் அரிப்பு இன்னும் வேகம். இதுவும் மாற்ற வேண்டியதுதான்.

இப்போது எர்த் கம்பி. மீட்டர் போர்டிலிருந்து ஒரு இரும்புக் கம்பியோ பச்சை வயரோ கீழே இறங்குகிறதா? அதைப் பிடித்துக்கொண்டே போங்கள், கையால் இல்லை, கண்ணால். பெரும்பாலும் அது சுவரைத் துளைத்துக் கொல்லைப்புறம் போய் மண்ணுக்குள் மறையும். மண்ணோடு சேரும் அந்த அரை அடியில்தான் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். மேலே கம்பி இருக்கிறது, கீழே எர்த் குழியும் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. இன்னொரு வகை, கம்பி நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போவது. அந்தக் காலத்தில் குழாய் இரும்பு, மண்ணுக்குள் நீளமாக ஓடியது, எர்த் கிடைத்தது. பிறகு பிளம்பர் வந்து பி.வி.சி. போட்டார். அன்றைக்கே வீட்டின் எர்த் செத்துப்போனது, யாருக்கும் தெரியவில்லை. இன்னும் மோசம், மிச்சமிருக்கும் இரும்புக் குழாய்த் துண்டு இப்போது கசிவு மின்சாரத்தைக் குளியலறைக் குழாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியாகியிருக்கலாம்.

இன்னும் மூன்று அடையாளங்கள். மீன் வாங்காத நாளில் சுவிட்ச் போர்டு பக்கம் மீன் கருகிய வாடை வந்தால் உள்ளே பிளாஸ்டிக் சூடாகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்கினால் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். அதாவது அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரைத் தொட்டாலே சுள்ளென்றால் சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்து வயரோடு பேசத் தொடங்கிவிட்டது. இந்தக் கடைசி அடையாளம் தெரிந்தால் அந்த அறையின் ஃபியூஸைக் கழற்றிவைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

அன்றைக்கே நிறுத்த வேண்டியவை

தண்ணீருக்குள் போடும் ஹீட்டர் ராடு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் செருக உதவும் அடாப்டர். எர்த் பின்னை வெட்டி எறிந்த பிளக். அந்தப் பெரிய பின் மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது காரணத்தோடுதான்: செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். சர்வீஸ் வயர் வந்திறங்கும் இரும்புக் குழாயிலோ, ஈ.பி. கம்பத்திலோ, அதைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலோ கட்டிய கொடிக்கம்பி இருந்தால் அதையும் நிறுத்துங்கள், ஆனால் உங்கள் கையால் தொட்டு அவிழ்க்காதீர்கள். கம்பியில் கரண்ட் இருக்கலாம். ஈ.பி.க்குச் சொல்லுங்கள், அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. வீட்டுக்குள் நைலான் கயிறு போதும்.

"எர்த் நியூட்ரல்லேயே குடுத்துட்டேன் சார்"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய வீட்டுக்கு ஏ.சி. போடவோ கீசர் மாட்டவோ வருகிறவரிடம், "அண்ணே, இந்த பிளக்குல எர்த் இருக்கா?" என்று கேளுங்கள். சில சமயம் வரும் பதில், "எர்த் லைன் வரல சார். நியூட்ரல்லேயே குடுத்துட்டேன், பிரச்சனை வராது."

பிளக்குக்குள் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்திருப்பார். டெஸ்ட் பல்பு எரியும், மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டரும் "சரி" என்று காட்டும். எல்லாம் நன்றாகவே இருக்கும், வெளியே நியூட்ரல் அறுகிற நாள்வரை. காற்றில் மரக்கிளை விழுந்தோ, மீட்டர் ஸ்க்ரூ தளர்ந்தோ நியூட்ரல் விட்டுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், டி.வி. வழியாக வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியின்றி நேராக பிரிட்ஜ் உடம்பில் ஏறி நிற்கும். கிட்டத்தட்ட முழு 230 வோல்ட். எந்த ஃபியூஸும் போகாது. எர்த் இல்லாத வீட்டைவிட இந்த வீடு ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி: எல்லாச் சாதனங்களையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயினை அணைத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரில் தொடர்பு பார்க்கச் சொல்லுங்கள். தொடர்பு காட்டினால் எங்கோ சேர்த்திருக்கிறார்கள், அல்லது நியூட்ரல் வயர் எர்த்தில் உரசுகிறது. இரண்டும் சரிசெய்ய வேண்டியவை.

பல்பு எரிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பை வைத்து எரியவிட்டு "எர்த் சூப்பர்" என்பது ஊர் வழக்கம். சூடான 100 வாட் பல்பின் மின்தடையே 500 ஓமுக்கு மேல். எர்த் குழி 50 ஓம் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் போய்விடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பல்பு எரிந்தால் எர்த் வயர் அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் பொருள்.

முதல் வேலை குழி வெட்டுவது இல்லை

இங்கேதான் நான் பலரோடு மாறுபடுகிறேன். "ஷாக் அடிக்குது" என்றதும் முதலில் குழி வெட்ட ஆள் கூப்பிடுகிறோம். குழி வேண்டும், ஆனால் அது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. கணக்கைப் பாருங்கள்.

நம் ஊர் வீட்டு இணைப்பில் ஈ.பி. தருவது ஃபேஸும் நியூட்ரலும். எர்த் நம் பொறுப்பு. பிரிட்ஜுக்குள் ஃபேஸ் வயர் உடம்பில் பட்டுவிட்டால், மின்சாரம் நம் குழியில் இறங்கி, மண் வழியாக நடந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரின் எர்த்தில் ஏறித்தான் சுற்றை முடிக்க வேண்டும். நம் குழி 8 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10. 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். அந்த பிளக்குக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) போட்டிருந்தால், 23 ஆம்பியரில் அது ஒரு மணி நேரம் வரைகூட விழாமல் நிற்கலாம். அவ்வளவு நேரமும் பிரிட்ஜ் கதவில் 23 பெருக்கல் 8, அதாவது 184 வோல்ட். நல்ல குழி, நல்ல எம்.சி.பி., இருந்தும் கதவைத் திறக்கிற பிள்ளைக்கு 184 வோல்ட்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஆர்.சி.சி.பி. கடைக்காரர் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார். அது செய்வது ஒரு கணக்குப்பிள்ளை வேலை. ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பியது எவ்வளவு என்று நொடிக்கு நொடி ஒப்பிடும். 30 மில்லி ஆம்பியர் காணவில்லை என்றால், அது எவர் உடம்பு வழியாகப் போனதோ என்று, கண் இமைக்கும் நேரத்தில் மெயினை வெட்டிவிடும்.

இன்னொரு சேதி பலருக்குத் தெரியாது: ஆர்.சி.சி.பி. வேலை செய்ய எர்த் தேவையில்லை. எர்த் இல்லாவிட்டால் நீங்கள் தொட்ட பிறகு விழும். சுளீரென்று ஒன்று வாங்குவீர்கள், ஆனால் பிழைப்பீர்கள். எர்த் இருந்தால் பிரிட்ஜில் கசிவு தொடங்கிய அந்த நொடியே விழும், உங்கள் கை படுவதற்கு முன்பே. அதனால்தான் முதலில் இது, பிறகு குழி, கடைசியில் சுவரை உடைப்பது.

வாங்கும்போது கவனிக்க: ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் 'டபுள் போல்' வகை, 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர். "100 மில்லி ஆம்பியர் வாங்குங்க, அடிக்கடி விழாது" என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அது ஆளைக் காப்பாற்றும் அளவு இல்லை. ஐ.எஸ். 12640 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி., புதுவகை வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு 'ஏ' வகை கேளுங்கள், சாதாரண 'ஏ.சி.' வகை போதாது. மூன்று ஃபேஸ் வீட்டில் மொத்தத்துக்கும் ஒன்று போடாமல் ஃபேஸுக்கு ஒன்றாகப் போட்டால், ஒரு மிக்ஸியின் குற்றத்துக்கு வீடு முழுக்க இருளாது.

ஆர்.சி.சி.பி. ஓவர்லோடுக்கு விழாது. அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ.வும் உண்டு, விலை கூடுதல். பீங்கான் ஃபியூஸ் போர்டை இந்த வேலையோடு சேர்த்தே கழற்றி, எம்.சி.பி.க்கள் உட்காரும் டி.பி. பெட்டி வைத்துவிடுங்கள், அப்போதே அந்த நியூட்ரல் ஃபியூஸுக்கும் விடை கொடுத்துவிடலாம். ஈ.பி. சீல் வைத்த மீட்டர் பக்கம் உங்கள் ஆள் கை வைக்கக்கூடாது. வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் போன நேரத்தில் அதன் வழியாக வரும் மின்சாரத்துக்கு மெயினில் உள்ள ஆர்.சி.சி.பி. காவல் இல்லை. இன்வெர்ட்டர் வெளிவரும் லைனுக்கு இன்னொன்று போட வேண்டும்.

மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். விழ வேண்டும். விழுந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று மட்டும் அறியலாம். எர்த் நன்றாக இருக்கிறதா என்று அந்தப் பட்டனுக்குத் தெரியாது.

"போட்டா நிக்க மாட்டேங்குது"

பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்ட அன்று சாயங்காலமே இந்தப் புகார் வரும். தூக்கிவிட்டால் விழுகிறது. எலக்ட்ரீஷியனுக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கிறது. "பழைய வயரிங் சார், உங்களுக்கு இது ஒத்து வராது" என்று பைபாஸ் செய்துவிட்டுப் போய்விடுவார். பெட்டியில் கருவி அழகாக உட்கார்ந்திருக்கும், உள்ளே வயர் அதைச் சுற்றிப் போகும். நான் பார்த்த வீடுகளில் இதுதான் மிகவும் வருத்தமான காட்சி.

அது விழுகிறதென்றால் உண்மை சொல்கிறது. யார் குற்றவாளி என்று தேடும் முறை இப்படி. எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள், அணைத்தால் போதாது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு. எல்லாம் நின்றால் சாதனங்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பெரும்பாலும் அகப்படுவது கீசரின் ஹீட்டர், தண்ணீர் புகுந்த கிரைண்டர் மோட்டார், சம்ப் மோட்டார் இந்த மூன்றில் ஒன்று. "லேசா அடிக்கும்" சாதனம் எது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே விழுந்தால் குற்றம் நியூட்ரலில் இருக்கலாம். ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் எல்லா அறைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும். அது எங்காவது ஈரச்சுவரில் எர்த்தைத் தொட்டால் கணக்கு உதைக்கும். முன்பு சொன்ன நியூட்ரல்-எர்த் துண்டு வயரும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வகை கொஞ்சம் சூட்சுமம்: இரவல் நியூட்ரல். பழைய வீட்டில் மாடிப்படி விளக்குக்கு ஃபேஸ் கீழ் அறையிலிருந்தும், நியூட்ரல் பக்கத்தில் கிடைத்த வேறு லைனிலிருந்தும் எடுத்திருப்பார்கள். இரண்டு ஆர்.சி.சி.பி. இருந்தாலோ, இன்வெர்ட்டர் லைன் தனியாக இருந்தாலோ, அந்த விளக்கைப் போட்ட நொடி இரண்டில் ஒன்று விழும். கசிவே இல்லை, கணக்குதான் வேறு பேரேட்டில் ஏறுகிறது. நியூட்ரலைத் தேடிப் பிரித்து அதன் லைனிலேயே சேர்த்தால் தீர்ந்தது.

சுவர் வயரில் கசிவு என்று சந்தேகம் வந்தால் வயர் உறையின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்து லைன் லைனாகப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனை அப்படியே விடக்கூடாது. மெக்கர் போடுவதற்கு முன் டி.வி., பல்பு, எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். மறந்தால் அவை போய்விடும். மெக்கர் என்றால் என்னவென்று உங்கள் எலக்ட்ரீஷியன் திருப்பிக் கேட்டால், ஆளை மாற்றும் நேரம் அது.

இப்போது குழி

இடம் பார்ப்பதில்தான் பாதி வேலை. சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி, ஈரம் நிற்கும் இடமாக. துணி துவைக்கும் கல்லின் ஓரமோ, கிணற்றடியோ, வாழை நிற்கும் இடமோ நன்று. முன்வாசலில் டைல்ஸ் போட்ட இடம் பார்க்க அழகு, எர்த்துக்கு ஆகாது.

வீட்டுக்குக் குழாய் எர்த் போதும். 40 மி.மீ. விட்டமுள்ள ஜி.ஐ. குழாய், 2.5 மீட்டர் நீளத்துக்குக் குறையாமல். ஆறடியில் பாறை தட்டியது என்று வெட்டிக் குறைக்க விடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் மாறி மாறிப் போடுவது நம் பழைய முறை. வேலை செய்யும், ஆனால் உப்பு மழையில் கரைந்தோடும், குழாயையும் அரிக்கும். உப்புக்குப் பதிலாகப் பென்டோனைட் களிமண் கலவை போட்டால் ஈரத்தைப் பிடித்துவைக்கும், துருவும் குறைவு. செலவு கொஞ்சம் கூடும், நான் அதையே சொல்வேன்.

மண்ணுக்கு மண் கதை வேறு. கரிசலில் எர்த் நன்றாகக் கிடைக்கும், ஆனால் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும். செம்மண், சரளை, பாறை நிலத்தில் ஒரு குழி போதாமல் இரண்டு வெட்டி இணைக்க நேரிடும். கடற்கரை மணல் மேலே காய்ந்து கிடக்கும், கீழே உப்புநீர் தொட்டால் அருமையான எர்த், ஆனால் இரும்பு வேகமாகப் போகும். செம்பு பூசிய ராடு அங்கே தாக்குப்பிடிக்கும். எங்கேயானாலும் சித்திரை, வைகாசியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் குழாய் வாயில் ஊற்றுங்கள். அதற்காகத்தான் மேலே புனலும் சின்னத் தொட்டியும் மூடியும். அதன் மேல் சிமென்ட் பூசி மறைத்துவிட்டால் அடுத்து பார்க்கிறவருக்குக் குழி இருப்பதே தெரியாது.

கம்பியைக் குழாயில் சுற்றி முறுக்கி விடக்கூடாது. லக் (கம்பி முனையில் பொருத்தும் உலோகக் கண்ணி) வைத்து, போல்ட் நட் போட்டு இறுக்க வேண்டும். முடிந்ததும் குழியின் மின்தடையை எர்த் மெக்கர் வைத்து அளந்து எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் சிறப்பு. மண் சரியில்லாத ஊரில் 10, 15 என்று நின்றாலும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம், ஆர்.சி.சி.பி. இருக்கிறதே: 30 மில்லி ஆம்பியரில் அது வெட்டும்போது 15 ஓம் குழியில் ஏறும் வோல்ட் அரைக்கும் குறைவு. மேலே பார்த்த 184-ஐ நினைத்துப் பாருங்கள்.

வயர் மாற்றுவது

குழி இருந்து என்ன, அதிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயர் போய்ச் சேர வேண்டுமே. ரீப்பர் வயரிங் வீட்டில் பல இடங்களில் ஓடுவது இரண்டே வயர்கள். இங்கே இரண்டு வழி. காசு இருந்தால் முழுதும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் சமையலறை, குளியலறை, மோட்டார், வாஷிங் மெஷின் இந்த நான்குக்கு மட்டும் டி.பி. பெட்டியிலிருந்து புது லைன், எர்த்தோடு, சுவர் மேல் பி.வி.சி. கேஸிங்கில் இழுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரைக் காடி எடுத்தால் ஒரு கை அளவு வெட்டப் போய் ஒரு முறம் அளவு பெயர்ந்து வரும். மேலோட்டமாக ஓடும் கேஸிங் அழகில்லைதான், ஆனால் சுவர் மிஞ்சும். கூடத்து விளக்கும் ஃபேனும் அடுத்த வருஷம் ஆகட்டும்.

அளவு: விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., சாதாரண பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4, தனித்தனி லைனாக. வயதான எலக்ட்ரீஷியன்கள் "3/22", "7/22" என்பார்கள். 22 கேஜ் கம்பி மூன்று இழை, ஏழு இழை என்று பொருள். 3/22 ஏறக்குறைய 1.2 சதுர மி.மீ., 7/22 ஏறக்குறைய 2.8. வீடு கட்டியபோது அந்த 3/22 வயருக்கு நாலு பல்பும் ஒரு ரேடியோவும்தான் சுமை. இன்று அதே வயரில் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பை வைத்தால் அது ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர். புதுச் சாதனங்கள் சேரும்போது ஈ.பி.யில் பதிவான லோடையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நிறம் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். "பச்சை தீர்ந்துபோச்சு, கறுப்புலயே எர்த் இழுத்துடறேன்" என்றால் வேலையை நிறுத்திவிட்டு டீ வாங்கிக் கொடுங்கள், பச்சை வரும்வரை.

ஆள் பிடிக்கும்போது அரசின் மின் கம்பியாள் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல தொழிலாளி கோபப்பட மாட்டார்.

வாடகை வீடானால்

சுவரில் கை வைக்க உங்களுக்கு உரிமையில்லை, வீட்டுக்காரர் "அம்பது வருஷமா இப்படித்தான் இருக்கோம்" என்பார். வாதம் வேண்டாம். மீட்டரில் எரியும் சிவப்பு விளக்கைக் காட்டுங்கள்; ஸ்டாட்டிக் மீட்டர் ஃபேஸ், நியூட்ரல் இரண்டில் எது அதிகமோ அதைத்தான் கணக்கெடுக்கும், கசிவுக்கும் காசு போகிறது என்று சொல்லுங்கள். ஷாக் என்றால் அசையாதவர் பில் என்றால் அசைவார். ஆர்.சி.சி.பி. செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு, காலி செய்யும்போது விட்டுவிட்டுப் போகிறேன் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

எல்லாம் முடிந்த அன்று, சுவர் பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். நாளைக்கு அலமாரி மாட்ட டிரில் போடும்போது வயர் எங்கே ஓடுகிறதென்று தெரியும். டி.பி. பெட்டியின் கதவுக்குள்ளே ஒரு தாள் ஒட்டி, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, எர்த் குழி எங்கே, அளந்த நாள், அன்று வந்த ஓம் எண், ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன் இறக்க வேண்டிய மெயின் எது, ஆம்புலன்ஸ் 108, இவ்வளவையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பென்சிலில் வேண்டாம், ஐந்தாறு மழைக்காலம் தாங்க வேண்டும்.